மெயிலுக்கு லினக்ஸ், பிரிண்டுக்கு விண்டோஸ்

30

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து பிறந்தது. 2003இல் பேகம்பூரில் ஒரு டிடிபி சென்டர். மானிட்டர் தலையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'மெயிலுக்கு லினக்ஸ், பிரிண்டுக்கு விண்டோஸ்.' மீதியெல்லாம் என் புளுகு. அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு முப்பது விநாடி காத்திருக்கும். கதைக்கும் அவ்வளவுதான் நேரம். மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

23

ஏஞ்சலின் அன்று காலையில் பூசைக்குப் போய்விட்டு –

(வேண்டாம். காலையில் தொடங்கினால் விநாடி போதாது.)

கரண்ட் போய் இப்போதுதான் வந்திருக்கிறது. திரையில் லினக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு வரிகள். சென்டர் நடத்தும் ஏஞ்சலின் கீபோர்டின் முன் உட்கார்ந்திருக்கிறாள். மாடி வீட்டு ரஃபியாவுக்குச் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் நிகாஹ். ரியாத்தில் இருக்கும், அவளைப் பெற்ற அத்தா அப்பாஸ், தனக்குப் பதிலாகத் தன் தம்பி முன்நின்று நடத்தலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் ஜமாத்தில் கல்யாணப் பதிவுத் தஃப்தரைத் திறப்பார்கள். அவர் மெயில் வந்துவிட்டது. திறப்பதற்குள் கரண்ட் போனது.

சம்மதம்தானா? போன வாரம் மாப்பிள்ளையைப் பற்றி யாரோ காதில் ஓத, ஃபோனைப் பட்டென்று வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை.

15

லினக்ஸுக்குப் போனால் மெயிலைப் படிக்கலாம். பிளாப்பியில் எடுத்து, விண்டோஸுக்கு வந்து அச்சடிக்கலாம். விண்டோஸில் நெட் போட்டால் வைரஸ் மெஷினையே அணைத்துவிடும். ஆனால் ரஃபியாவின் காலேஜுக்காக அப்பாஸ் அனுப்பிய பழைய கடிதம், கையெழுத்தோடு, அங்கேதான் கிடக்கிறது. கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே நாலு வரியை மாற்ற ஏஞ்சலினுக்கு ஐந்து நிமிடம்.

"விண்டோஸயே போடு தாயி," என்றாள் ரஃபியாவின் அம்மா பக்ருன்னிசா. "மெயில பொறவு பாத்துக்குவோம். பந்தல்ல அம்புட்டு சனம் உக்காந்திருக்கு."

"அதுல வேணாம்னு எழுதியிருந்தா என்னக்கா செய்வீக?"

"பாக்காத வரைக்கும் அப்படி எழுதலைல்ல?"

ஏஞ்சலினுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பதில் தனக்குப் பிடித்துப்போனதே என்று இன்னும் பயமாக இருந்தது.

8

(முதல் வரைவில் ரஃபியா மாடியில்தான் இருந்தாள். மணப்பெண் டிடிபி சென்டரில் வந்து நிற்பாளா என்று என் மனைவியும் கேட்டாள். நிற்க மாட்டாள்தான். ஆனால் அவள் இல்லாமல் மற்ற இரண்டு பேர் முடிவெடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. இறக்கிவிட்டேன்.)

"மிஸ், தள்ளுங்க." ரஃபியா இங்கேதான் டைப் கற்றவள். மருதாணி விரல் கீபோர்டுக்கு வந்துவிட்டது.

"அடியே, தொடாத!" என்றாள் அம்மா.

"அத்தா என்ன எழுதியிருக்காருன்னு தெரியாம நான் எப்பிடிம்மா சம்மதம் சொல்ல?"

3

லினக்ஸில் 'வேண்டாம்' என்று ஒரு முடிவு எழுதினேன்; கிழித்தேன். 'சம்மதம்' என்றும் எழுதினேன். அதை நானே நம்பவில்லை. விண்டோஸில் கல்யாணம் ஜோராக நடந்தது. எழுதிய எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

ரஃபியாவின் விரல் அந்தரத்தில் நிற்கிறது. நான் கையை எடுத்துவிட்டேன். நீங்கள் அழுத்துங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன்: யாரும் எதையும் தொடாவிட்டால், அது தானாகவே விண்டோஸுக்குப் போய்விடும்.

1