முகம் உள்ள கேக்

இரக்கம் என்பது கோதுமையைப் போல ஒரு பயிர். அக்டோபர் மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை அதை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்க்கிறார்கள். அந்த அறுவடைக்குத் தன் இடது காலை இனி ஆயுளுக்கும் தரப்போவதில்லை. இவ்வளவையும் நோலன் பிலிப்சக் உலகத்துக்கு அறிவித்தான். உலகம் அப்போது கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் டெவின், நோலனின் தம்பி, வயது பதினேழு.

"பேசி முடிச்சாச்சுன்னா ஏறு. விரல் விறைச்சுப் போச்சு" என்றான் டெவின்.

"விளையாட்டுக்குச் சொல்லலடா. மறுபடி நான் அந்த மேடையில கேக் தூக்கிட்டு நின்னா, என் பேரையே அழிச்சுடு."

"உன்னை யாரு கூப்பிட்டா? இந்த வருஷம் என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க."

நோலன் ஏறி உட்கார்ந்தான். ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டான்.

ஆஷ்மோர் ஊரில் மூன்று கதவு இல்லம் இருக்கிறது. முதல் கதவு கை கால் சரியில்லாதவர்களுக்கு, இரண்டாவது மனம் சரியில்லாதவர்களுக்கு, மூன்றாவது போதையில் விழுந்த பிள்ளைகளுக்கு. கூரைக்கு அரசாங்கம் கொடுக்கும். கூரைக்குக் கீழே இருப்பவர்களை ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் அவர்களை வருடத்துக்கு ஒரு முறை, வான்கோழியும் உருளைக்கிழங்கு மசியலும் சாப்பிட்ட பிறகு, பார்த்துக்கொள்ளும். அதற்குப் பெயர் கேக் ஏலம்.

பெரிய விலைக்குப் போக வேண்டிய ஒவ்வொரு கேக்கையும் இல்லத்து ஆள் ஒருவர் மேடையில் ஏந்தி நிற்பார். அவரை 'முகம்' என்பார்கள். முகம் இரண்டு நிமிடம் தன் கதையைச் சொல்லும். பிறகு ஹார்வி ஏலம் விடுவார். வார நாட்களில் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். சனிக்கிழமைக்காகத் தொண்டையை மாற்றிக்கொள்வதில்லை.

நோலன் ஒன்பது வயதில் முகமாக நின்றான். முழங்காலில் இரும்புப் பட்டை, கையில் எலுமிச்சை கேக். மூவாயிரத்து நூறு டாலர். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. வாங்கியவர் கேக்கை எடுத்துப்போக மறந்துவிட்டார். அதன் பிறகு ஊரில் யார் பார்த்தாலும் நோலனின் தலையைத் தடவினார்கள். மீசை முளைத்த பிறகும் தடவினார்கள்.

இப்போது அவனுக்கு இருபத்தொன்று. நகரத்துக் கல்லூரியில் மாணவர் பத்திரிகைக்கு எழுதுகிறான். பத்திரிகை அறை மூன்றாம் மாடியில், நாற்பது படி. தினமும் ஏறுகிறான், கால் லேசாகச் சாய்கிறதே தவிர, நிற்பதில்லை. சென்ற வருட ஏலத்தைப் பற்றி அவன் எழுதிய கட்டுரை, கல்லூரியை விட ஆஷ்மோரில்தான் அதிகம் படிக்கப்பட்டது. அதில் வெண்டெல் என்பவருக்கு ஒரு பத்தி. 'மேடையில் கேக்கோடு சேர்ந்து நடுங்கும் கை, மறுநாள் மதுக்கடையில் டார்ட்ஸ் அம்பு எறியும்போது கல்லாகிவிடுகிறது. மருத்துவ உலகம் ஆஷ்மோருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.' ஊரே சிரித்தது.

மண்டபத்துச் சமையலறையில் மார்லீன் பெரிய அண்டாவில் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். மூன்று கதவுக்கும் சாவி வைத்திருப்பவர் அவர்தான். நோலன் நேரே போய் நின்றான்.

"மார்லீன், டெவினை மேடை ஏத்தாதீங்க."

"வா ராசா. சாப்பிட்டியா?"

"முன் மேஜையில யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு பாத்தீங்களா? தானியக் கிடங்கு மேனேஜர். திங்கட்கிழமை டெவின் அங்க வேலைக்குச் சேரணும். என்னத்தை முழுங்கினான், யார் பர்ஸ்ல கை வச்சான்னு இன்னிக்கு ஊரு முன்னால சொல்லிட்டான்னா, நாளைக்கு எவன் அவனை நம்பி ஒரு சாவி குடுப்பான்?"

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

மார்லீன் மசிப்பதை நிறுத்தவில்லை. "மழை இல்ல, விளைச்சல் பாதி. வந்திருக்கறவங்க எல்லாம் கையைப் பையிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இன்னிக்குப் பணம் சேரலைன்னா டிசம்பரோட ஓடெட்டுக்கு வேலை இல்ல. ஓடெட் யாருன்னு உன் தம்பியைக் கேளு."

கேட்க வேண்டியதில்லை. டெவினுக்கு உடம்பு அந்தப் போதை மாத்திரையைக் கேட்கும்போதெல்லாம் அவன் கூப்பிடுவது, மூன்றாவது கதவில் வேலை பார்க்கும் ஓடெட்டைத்தான். நாலு மாதமாக அவன் விழாமல் நிற்பதில் ஓடெட்டின் தொலைபேசிக்குப் பெரும் பங்கு உண்டு.

"வேற முகமே இல்லையா?"

"இருந்துச்சு. எட்டு வருஷமா வெண்டெல் நின்னான், ஒவ்வொரு தடவையும் ஆயிரத்துக்கு மேல. உன் கட்டுரை வந்தப்புறம் ஏற மாட்டேன்னுட்டான்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போட்டுக்கொண்டே சொன்னார். "நல்லா எழுதியிருந்தே. நான்கூட சிரிச்சேன்."

வெண்டெல் கோட்டு மாட்டும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருநூறு நாற்காலி கிடந்தது.

"வெண்டெல், ஒரு உதவி."

"வாங்க, பத்திரிகைக்காரரே."

"இந்த ஒரு தடவை மேடை ஏறுங்க. எங்க டெவினுக்காக. நான் மன்னிப்பு வேணா எழுதிடறேன்."

"எழுதாத. நீ மன்னிப்பு எழுதினா அதுக்கும் சிரிப்பாங்க. உன் கை அப்படி." வெண்டெல் வான்கோழித் துண்டை மெதுவாக வெட்டினார். "நடுங்கறது நிஜம்டா. எப்ப நடுங்கும்னு அதுக்கே தெரியாது. மேடையில நிக்கற அன்னிக்குப் பாத்து நடுங்கலைன்னா, இவனுக்கு என்ன குறைச்சல்னு கேப்பாங்க. அதனால நானும் கொஞ்சம் கை குடுத்தேன். எட்டு வருஷம் அதுல நாலு பேரு சம்பளம் வாங்கினாங்க."

நோலன் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தான்.

"டார்ட்ஸ் எறியறப்ப நான் சந்தோஷமா இருந்தேன்" என்றார் வெண்டெல். "அதை எழுதியிருக்கலாம். இப்ப அங்கயும் போறதில்ல. கல்லு வந்துட்டான்னு கத்தறானுங்க."

மண்டபத்துக்குள் ஹார்வியின் குரல் கிளம்பிவிட்டது. முகம் இல்லாத பழ கேக் முதலில் போனது. "முப்பது, முப்பது, முப்பத்தஞ்சு யாரு? அட என்னப்பா, முந்திரி மட்டும் அவ்ளோ பெறுமே! நாப்பது! குடுத்தாச்சு!" நாற்பது டாலர். அடுத்தது முதல் கதவிலிருந்து ஒரு பெண், சக்கர நாற்காலியில், மடியில் காரட் கேக். அவள் சிரித்த முகமாக, தனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள். சந்தோஷமான கதை. நூற்றுப்பத்தோடு நின்றுவிட்டது.

மேடைக்குப் பக்கத்தில் டெவின் நின்றிருந்தான். கையில் சாக்லேட் கேக். அதன் மேல் மடித்த காகிதம். காதுகள் சிவந்திருந்தன. கேக் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

நோலன் காகிதத்தை எடுத்துப் பார்த்தான். முதல் வரி: 'நான் எங்கம்மாவின் மோதிரத்தை விற்றேன்.' வீட்டில் அந்த மோதிரம் தொலைந்துபோனதாகத்தான் பேச்சு. அம்மா நாலாவது மேஜையில் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதையா சொல்லப்போற?"

"மார்லீன் எதையும் சொல்லச் சொல்லல. நானாத்தான் எழுதினேன். பெருசா ஒண்ணு சொன்னாத்தானே விலை ஏறும்?"

"கேக்கைக் குடு."

"நீ தூக்கினா உன் பேரை அழிக்கணும்னு சொன்னே."

"நாளைக்கு அழி. இப்ப போய் வண்டியைச் சூடாக்கு."

"நோலன்..."

"போடா. இருந்து பாக்காத."

டெவின் சமையலறை வழியாக வெளியே போனான். நோலன் காகிதத்தை நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஹார்வி அவனைப் பார்த்துவிட்டார். மாட்டுச் சந்தைக்காரருக்கு ஒரு முறை விலை போனதை மறக்க வராது. "அட, யாருப்பா இது! நம்ம மூவாயிரத்து நூறு! சின்னப் பையனா இருந்தான், இப்ப பாருங்க! எல்லாரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துங்க!"

பேச்சு நின்றது. முன் மேஜையில் தானியக் கிடங்கு மேனேஜர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கோட்டு அறை வாசலில் வெண்டெல் தட்டோடு வந்து நின்றார்.

மேடைக்கு மூன்று படி. முதல் படியில் நோலன் சாதாரணமாக ஏறினான். கேக் நேராக இருந்தது. பின் வரிசையில் யாரோ முள்கரண்டியால் தட்டைச் சுரண்டினார்கள்.

இரண்டாவது படியில் இடது காலைக் கொஞ்சம் இழுத்தான். முள்கரண்டி நின்றது.

மூன்றாவது படியில் இன்னும் கொஞ்சம் இழுத்தான்.