நாட்கல் வைச்ச மூலை

என்ர மனிசன் ஆழ்வாப்பிள்ளை நல்ல நேரம் பாத்து ஒரு இடத்தில இருந்தால், ஒருத்தராலையும் எழுப்ப ஏலாது. அவர் வைச்ச நாட்கல்லும் அப்பிடித்தான். இறுப்பிட்டி வளவில புது வீட்டுக்கு எண்டு, மண்ணைப் பாக்க முதல் பஞ்சாங்கத்தைப் பாத்து, முன்மூலையில அந்த முதற்கல்லை நட்டுப்போட்டார்.

பிறகுதான் இஞ்சினியர் பிள்ளை துஷாந்தினி மண் பாக்க வந்தவ. சுத்தியலால அடிச்சு இறக்கிற கம்பி, அந்த மூலையில அடிக்காமலே இறங்கிப் போச்சு.

“ஐயா, இது ஆரோ பழைய துரவை, தண்ணிக் குழியை, தூர்த்த இடம். வீட்டைத் தாங்காது. நாற்பதடி பின்னுக்குப் போங்கோ, அங்க மூண்டடியிலயே கல்லு இருக்கு.”

“நாட்கல்லைக் கிளப்பினால் குடும்பத்துக்கு ஆகாது, பிள்ளை.”

“அப்ப இதில கிணறு மாதிரி வெட்டி, அடிக்கல்லு வரைக்கும் போய், காங்கிரீற்றால நிரப்பித்தான் தூண் எழுப்ப வேணும்.”

“வெட்டுவம்.”

எனக்கு விசர் வந்தது. “இஞ்சாருங்கோ, முப்பது வரியமா ஒரு நல்லதண்ணிக் கிணறு கேக்கிறன். வெட்டின ரெண்டும் உப்பு எண்டு கையை விரிச்சனீங்கள். இப்ப காங்கிரீற் ஊத்த ஒரு கிணறோ?” எண்டு கேட்டனான். சந்திக்கு வாற பவுசர் லொறித் தண்ணிக்கு வாளியோட நடந்தே என்ர முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. மனிசன் காது கேளாத மாதிரிப் பேப்பர் பாத்தார்.

நாலு நாள் வெட்டினாங்கள். பதினாலடியில கல்லு வந்தது, தண்ணியும் ஊறினது. வெள்ளிக்கிழமை காலமை அதை இறைச்சுப்போட்டுக் காங்கிரீற் ஊத்த ஆயத்தம். மிக்சர் ஓடிக்கொண்டிருக்கேக்க, மேசன் அருளப்பு முகங்கழுவ ஒரு வாளி அள்ளினவர், வாயில பட்டதைத் துப்பாமல் நிண்டார்.

“அக்கா, இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்கோ.”

செம்பில வாங்கிக் குடிச்சன். உப்பு மருந்துக்கும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. செம்பை மனிசனிட்டை நீட்டினன்.

அவர் ஒரு முடறு குடிச்சார். பிறகு முழுக்கக் குடிச்சார். என்னை நிமிந்து பாக்கேல்லை, என்ர முழங்காலைத்தான் பாத்தார்.

“அருளப்பு, மிக்சரை நிப்பாட்டும்.”

“ஐயா, குழைச்சது இறுகிப் போகுமே,” எண்டா துஷாந்தினி.

“இறுகட்டும். வாசல் படலையடியில கொட்டுங்கோ. வீடு பின்னுக்குப் போகட்டும். இவ இனித் தண்ணிக்கு நடக்கத் தேவையில்லை.”

அலவாங்கை எடுத்து, ஒருத்தரையும் கிட்ட விடாமல், தானே நாட்கல்லைக் கிளப்பினார். அப்ப நேரம் பதினொரு மணி, சரியான ராகுகாலம். எனக்குத் தெரியும். முப்பது வரியத்தில முதல்தரமா வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன்.