தண்ணீர் குடிக்காத தலைவர்

எண்பத்தேழு புரட்டாசியில், தனி இட ஒதுக்கீடு கேட்டு எலவனாசூர்கோட்டை ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்து மறியல் செய்தபோது, அதன் முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்தவர் சாதிச் சங்கத்தின் கிளைத் தலைவர் காசிநாதன். வயசு அறுபத்தெட்டு. “நடுவுல எழுந்து போறவன் துரோகி” என்று மைக்கில் சொன்னவரும் அவர்தான்.

அந்த வாய்க்கும் அவருடைய மூத்திரப்பைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

போன மாசம்தான் கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லியிருந்தார்: “பையோட தசைக்கு வயசாயிடுச்சுங்க. ரொம்புறதுக்கு முன்னாலயே சுருங்குது. போனாலும் முழுசா காலியாவறதில்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போங்க. தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க.”

காசிநாதன் தண்ணீரை மட்டும் நிறுத்தினார். வேட்டி நனைந்தால் அப்புறம் தலைவராவது ஒண்ணாவது!

பத்து மணிக்கு மோர் வந்தது. வேண்டாம் என்றார். பானகம் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். மருமகன் முறை தெய்வசிகாமணிக்குப் புல்லரித்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினான். “தலைவரு பச்சத்தண்ணி பல்லுல படாம உண்ணாவிரதம் இருக்காரு!” மாலை விழுந்தது. முதுகில் வெயில், கழுத்தில் சம்பங்கி, அடிவயிற்றில் கடுப்பு.

பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வேன் வந்தது. இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் காசிநாதன் ஓடிப்போய் ஏறினார்.

“இன்னா தெகிரியம் பாரு!” கூட்டம் கைதட்டியது.

ஆண், பெண் எல்லாரையும் அடைத்த கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு கக்கூசு. காசிநாதன் உள்ளே போய்த் தாழ் போட்டார். நின்றார். காலையிலிருந்து உயிரை எடுத்தது, இப்போது ஒரு சொட்டு வரவில்லை.

“இன்னா மாமா, உள்ளயும் மறியலா?” வெளியே தெய்வசிகாமணி.

கதவு தடதடத்தது. காசிநாதன் பெண்டாட்டி ரங்கம்மாள். “தொறய்யா! வெடியக்காலம் கொல்லைப்பக்கம் போனது. பொம்பளைங்க பன்னெண்டு பேரு அடக்கிக்கினு நிக்கிறோம். எனக்கு மட்டும் பை இரும்புலயா செஞ்சிருக்கு?”

“இன்னும் வரலடி.” மெதுவாகத்தான் சொன்னார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

“எனக்கும் இப்டித்தாங்க,” என்றார் வரிசையில் நின்ற கிழவர் தங்கதுரை. “அதான் நானும் தண்ணி குடிக்கல.” இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

“நல்ல போராட்டம்,” என்றாள் ரங்கம்மாள். “வராதவங்கல்லாம் வெளிய வந்து நில்லுங்க. எங்களுக்கு வந்துடுச்சு.”

காசிநாதன் மாலையைச் சரிசெய்துகொண்டு தாழைத் திறந்தார்.