திருப்பிப் போட்ட இறக்கை

தலையில் கத்தி ஓடிக்கொண்டிருந்தபோது கஜேந்திரன் நினைத்துக்கொண்டிருந்தது செத்துப்போன அப்பாவைப் பற்றி அல்ல, நாளைய கார் பந்தயத்தைப் பற்றி. அதற்காக அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தால் காது போய்விடும் என்பதால் நேராகவே உட்கார்ந்திருந்தான்.

நமுனுகுல தோட்டத்து மயானத்தில் குழி தயாராகிவிட்டது. பக்கத்தில் பாடையில் அப்பா சிவஞானம். ஆயுளில் பாதியைத் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டிக் கழித்தவர். நேற்றுக் காலை மகனுடைய காரின் பின்னாலிருந்து எழுந்து வந்து, "ஒரு தேத்தண்ணி குடு" என்று கதிரையில் சாய்ந்தவர், தேத்தண்ணி வருவதற்குள் போய்விட்டார்.

கார் ஒரு பழைய மாருதி. ஹாலிஎலப் பக்கத்து மைதானத்தில் கூம்புகளை நட்டு, அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து யார் சீக்கிரம் ஓட்டி முடிக்கிறார்கள் என்று பார்க்கும் பந்தயத்துக்கானது. போன தடவை அதன் முதுகில் அப்பா ஓர் இறக்கை பூட்டினார். தேயிலை பெக்டரியில் கழித்துப்போட்ட அலுமினியத் தகடு. இரண்டு ஓரத்துக்கும் தேர்தல் பலகையை அறுத்து வைத்ததில் இடப்பக்கம் ஒரு வேட்பாளரின் மீசை வந்துவிட்டது. அது பரவாயில்லை. அப்பா இறக்கையை ஆகாய விமானத்தில் இருப்பதுபோலவே, வளைவு மேலே பார்க்க வைத்துவிட்டார். விமானத்துக்கு அது சரி, அது பறக்க வேண்டியது. மாருதியும் ஆசைப்பட்டதுபோல் பின்பக்கம் தரையை மறந்து, நடு மைதானத்தில் சுற்றிச் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பாவும் அங்கேதான் நின்றார்.

நேற்று அவர் அதைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பூட்டியிருந்தார். கடைசி வேலை. அது சரியா பிழையா என்று நாளைக்குத் தெரியும். ஓட்டாமல் விட்டால் அந்தச் சிரிப்புத்தான் அப்பாவின் பெயரோடு ஊரில் தங்கும்.

மண் போட்டு வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா தயாபரன் பிடித்துக்கொண்டார்.

"காலையில குழிக்குப் பால் ஊத்தணும். மொட்டத் தலையோட மத்தியானம் ரேசுக்குப் போறேங்கிறியே, ஊரு காறித் துப்பாதாடா? தீட்டு இருக்குல்ல?"

பாயில் சுருண்டு கிடந்த அம்மா ஜெயலெட்சுமி எழுந்து உட்கார்ந்தாள்.

"தீட்டு கோயிலுக்குங்க தம்பி. அந்த மைதானத்துல என்ன சாமியா குடியிருக்கு?"

"மதினி, நீங்களா பேசுறீங்க?"

"நான்தான் பேசுறேன். பால ஊத்திட்டுப் போகட்டும். நேத்து விடிஞ்சதும் விடியாததுமா அந்த மனுசன் எங்கிட்ட சொன்னாரு, 'வெறும் லாரியில தார்ப்பாய காத்து தூக்கும்ல, தூக்குறத திருப்பிப் போட்டா அமுக்கும்டி'ன்னு. என்னமோ ரொட்டியத் திருப்பிப் போடுற மாதிரி சொன்னாரு. அமுக்குதான்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் காலையில் குழிக்குப் பால் ஊற்றினார்கள். மத்தியானம் மைதானத்துக்குச் சித்தப்பாதான் முதலில் போய் நின்றார்.

மைதானத்தில் றுஷ்தி காத்திருந்தான். பதுளைக்காரன். அவனுடைய காரின் இறக்கை கப்பலில் வந்தது. நல்லவன்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"என்ன மச்சான், ஒங்கட மீசக்காரர் தலகீழா இரிக்காரு! ஓட்டு விழல்லயா?"

ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் கஜேந்திரன் சிரித்தானா இல்லையா என்று தெரியவில்லை.

முதல் ஓட்டத்தில் அவன் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. முடி போனதும் தலை சின்னதாகிவிடும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. முதல் வளைவிலேயே ஹெல்மெட் வழுக்கிக் கண்ணை மூடியது. மிச்சத்தை உத்தேசமாக ஓட்டினான். மூன்று கூம்புகள் காருக்கடியில் ஊர்வலம் வந்தன. ஒலிபெருக்கிக்காரர் சிங்களத்தில் ஒவ்வொன்றாக, ஆசையாக எண்ணினார்.

இன்னும் ஒரு ஓட்டம்தான், இரண்டில் நல்லதுதான் கணக்கு. மனைவி தயானி ஓடி வந்து பையிலிருந்து புதுத் துண்டை இழுத்தாள். நேற்று மயானத்தில் அவள் அண்ணன் போட்ட கோடித் துண்டு.

"இதச் சுத்திக்கிட்டு மாட்டுங்க."

"கோடித் துண்டுடி இது. ரேசுக்கா?"

"எங்கண்ணன் ஒங்க தலைக்குத்தானே கட்டுனாரு? குனிங்க."

குனிந்தான்.

இந்த முறை கண் தெரிந்தது. நீண்ட வளைவு வந்தது, போன தடவை சுழன்ற அதே இடம். ஆக்சிலேட்டரிலிருந்து கால் தானாகப் பின்வாங்கப் பார்த்தது. எடுக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு மிதித்தான். பின்பக்கம் லேசாக வழுக்கத் தொடங்கி, பிறகு மனதை மாற்றிக்கொண்டதுபோல் மண்ணில் பதிந்தது. கொழுந்து நிறைய ஏற்றிய லாரி இறக்கத்தில் எப்படிப் பிடித்துக்கொண்டு வருமோ, அப்படி. கஜேந்திரன் வாய்விட்டுக் கத்தினான். என்ன கத்தினான் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கூம்புகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன.

ஒலிபெருக்கி நேரத்தைச் சொன்னதும் மைதானம் எழுந்தது. முதலிடம். தயானி விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே கஜேந்திரனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சித்தப்பா முன்பின் தெரியாத ஒரு மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

றுஷ்தி வந்து, குந்தி உட்கார்ந்து, தகட்டைச் சாண் போட்டு அளந்தான்.

"ஆரு மச்சான் செஞ்ச?"

"எங்கப்பா."

"அடுத்த கிழம நான் வீட்டுக்கு வாரன். எனக்கும் ஒன்டு செஞ்சு தரச் சொல்..."

கஜேந்திரன் ஹெல்மெட்டையும் துண்டையும் கழற்றினான். மொட்டைத் தலையைப் பார்த்ததும் றுஷ்தியின் சாண் பாதியில் நின்றது.

"எப்ப?"

"நேத்துதான் அடக்கம்."

றுஷ்தி எழுந்து நேராக ஒலிபெருக்கிக்காரரிடம் போனான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிங்களக் குரல் ஒரு தமிழ்ப் பெயரோடு மல்லுக்கட்டியது. 'சிவகானம்' என்று வந்தது. மறுபடி முயன்று சிவஞானம் என்று திருத்தமாகச் சொன்னது. மைதானம் முழுக்கக் கை தட்டியது.

கார் தோட்டத்துக்குத் திரும்பியபோது ஹோன் சத்தம் கேட்டே லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பரிசுக் கோப்பை கைமாறிக் கைமாறிப் போயிற்று. அம்மா அதைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். இறக்கையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். கார் கொஞ்சம் தாழ்ந்தது.

"அம்மா, போதும்மா. தேத்தண்ணி ஆறுது."

கையை எடுத்தால் கார் எழும்பிவிடும். அவள் எடுக்கவில்லை.