ஏற்போர் ஆம் என்க

மாலை நாலு மணிக்கு மிருதுளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலை ஒன்பது மணிக்கே குளியலறையில் வேறு ஒன்று வந்துவிட்டது. இறங்க வேண்டிய தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏதாவது பண்ணுங்களேன். இந்த நாத்தத்துலயா அவங்க வந்து கேசரி சாப்பிடுவாங்க?" என்றாள் மிருதுளாவின் அம்மா திரிபுரசுந்தரி, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு.

அவள் கணவர் ஷ்யாம்சுந்தருக்குச் சட்டமன்றத்தில் வேலை. அவையில் பேசுவதையெல்லாம் இருபத்திரண்டு வருடமாகச் சுருக்கெழுத்தில் எடுப்பதால், வீட்டில் பேச அவருக்குச் சொற்கள் மிஞ்சுவதில்லை. போன வெள்ளிக்கிழமை மானியக் கோரிக்கைகளுக்குக் கடைசி நாள். விவாதிக்க நேரமில்லாமல் நின்ற துறைகளின் கோரிக்கைகளையெல்லாம் சாப்பாட்டு மணிக்குள் ஒரே மூச்சில் நிறைவேற்றினார்கள். கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதர் இறங்காதிருக்க இயந்திரம் வாங்கும் ஒதுக்கீடும் அதில் அடக்கம். "ஏற்போர் ஆம் என்க" என்றார் பேரவைத் தலைவர். "ஆம்" என்று கேட்டது. "மறுப்போர் இல்லை என்க" என்றபோது ஏசி மட்டும் முனகியது. ஷ்யாம்சுந்தர் 'நிறைவேறியது' என்று எழுதிவிட்டுத் தாம்பரம் ரயிலைப் பிடித்தார்.

கோவிலம்பாக்கத்தில் அந்தப் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்துக்கு அவர்தான் சங்கச் செயலாளர். இயந்திரத்துக்கு போன் செய்தார்; செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள். உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டார். அது வந்து தண்ணீரை மட்டும் எடுத்தது. "அடியில துணியும் சேறும் கெட்டியா அடைச்சினு கீது சார். ஆள் எறங்குனாத்தான் ஆவும்" என்றார் ஓட்டுநர். ஆளையும் அவரே சொல்லி அனுப்பினார்.

துளசிங்கம் வந்தார். கூடவே அவர் மனைவி செல்லம்மா. இருவருக்கும் காகிதக் கப்பில் டீ வந்தது, வீட்டில் எவர்சில்வர் டம்ளருக்குப் பஞ்சம் வந்ததுபோல. கார் நிறுத்துமிடத்தில் சங்கத்தார் கூடி நிற்க, துளசிங்கம் கான்கிரீட் மூடியை நகர்த்தி, விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டிய மெழுகுவர்த்தியைத் தொட்டிக்குள் விட்டார். பாதியிலேயே அணைந்தது. மறுபடி கொளுத்தி விட்டார். மறுபடியும் அணைந்தது.

"காத்து" என்றார் இரண்டாம் மாடி மோகன்ராஜ். கீழேயிருந்து ஒரு குமிழ் வந்து வெடித்தது. "அரை மணி நேர வேலைதான் சார். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்."

'அவங்களுக்கு' என்பதில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை.

"சட்டப்படி பார்த்தா..." என்று இழுத்தார் ஷ்யாம்சுந்தர். படியில் நின்ற திரிபுரசுந்தரி கடிகாரத்தைப் பார்த்தாள். சிக்கலான நேரத்தில் அவருக்குக் கைவந்த வழி ஒன்று உண்டு. லிப்டுக்கு என்ன பெயின்ட் என்பதையும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். "பொதுவா கேட்டுடறேன். ஏற்போர் ஆம் என்க."

"ஆம்!"

கார் நிறுத்துமிடமே அதிர்ந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவனும் முதல் மாடி பால்கனியிலிருந்து 'ஆம்' சொன்னான். அன்றைக்கென்று தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

"மறுப்போர்..."

"இல்ல" என்றாள் செல்லம்மா. மூடியைக் காலால் தள்ளி மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ மெம்பர் இல்லம்மா" என்றார் மோகன்ராஜ்.

"எறங்கப் போறது யாரு வூட்டுக்காரரு? அதுல நான் மெம்பரு இல்லியா?"

துளசிங்கம் சட்டையைக் கழற்றியாகிவிட்டது. "பேஜார் பண்ணாத, எந்திரி. இங்க வுட்டா நாளைக்கு சேலையூர்ல எறங்கியாவணும். எங்க எறங்குனா இன்னா?"

"என் தம்பியும் இத்தத்தான் சொன்னான். மேல தூக்கசொல்லோ அவன் கையில வாட்ச் மட்டுந்தான் ஓடிக்கினு இருந்திச்சி." அவள் சங்கத்தாரைப் பார்த்தாள். "கும்பலா கத்தாதீங்க சார். ஒவ்வொருத்தரா முன்னால வாங்க. பேரச் சொல்லி, வூட்டு நம்பரச் சொல்லி, 'இந்தாளு எறங்கட்டும்'னு சொல்லுங்க. நான் போன்ல வீடியோ புடிச்சிக்கிறேன். அப்பால எந்திரிக்கிறேன்."

ஷ்யாம்சுந்தர் பேனாவுக்குச் சட்டைப்பையைத் தடவினார். அவள் தெரியாமல் கேட்டது பேரவை விதி. குரல் வாக்கை ஒருவர் ஏற்காவிட்டால் எண்ணிக் கணிக்க வேண்டும். ஒவ்வொருவரும் எழுந்து நிற்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று பதிவாகும்.

யாரும் முன்னால் வரவில்லை. மணி அடிக்காமலே மோகன்ராஜுக்கு போன் வந்தது. பால்கனிக்காரன் காயாத துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மிருதுளா மட்டும் படியிறங்கி வந்தாள். "செவ்வாய்க்கிழமை மிஷின் வந்ததும் கூப்பிடறேங்க்கா" என்று செல்லம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஆறு ஊதுபத்தி எரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார். திரிபுரசுந்தரி கண்கலங்கி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"இதுக்கா கவலைப்படறீங்க? சேலையூர்ல எங்க அபார்ட்மெண்ட்லயும் இதே கதைதான். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆளை எறக்கறோம். துளசிங்கம்னு ஒருத்தன். தங்கமான ஆளு, மாட்டேன்னே சொல்ல மாட்டான். நம்பர் தரட்டுமா சம்பந்தி?"

சம்பந்தி என்றே சொல்லிவிட்டார். திரிபுரசுந்தரி கணவரைப் பார்த்தாள், வாயைத் திறக்காதீர்கள் என்று. அவர் வாயில் கேசரி இருந்தது. அதை விழுங்க அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நம்பர் இருக்கு அங்கிள்" என்றாள் மிருதுளா, காபித் தட்டைக் கீழே வைத்து. "அபார்ட்மெண்ட் பேரு மட்டும் சொல்லுங்க."

அவர் பெருமையோடு சொன்னார். அவள் எல்லோர் முன்னாலும் போனை எடுத்தாள்.

"செல்லம்மாக்கா, மிருதுளா பேசறேன். சேலையூர் விலாசம் கிடைச்சிடுச்சு, காலைல ஏழு மணிக்காம். நான் ஆறரைக்கே வந்துடறேன். அந்த மூடி மேல எனக்கும் கொஞ்சம் எடம் விடுங்க."