அப்பா ஊதிய பலூன்

'ஒரு பலூனைக் குத்தவா இத்தனை யோசனை?' கையில் ஊசியோடு நின்ற ஓவிய ஆசிரியை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மெக்சிகோவில் திருவிழா ஆட்டத்துக்கு அணியும், புலி போன்ற ஜாகுவாரின் முகமூடியைப் படத்தில் காட்டி, அதைப் போலச் செய்யச் சொல்லியிருந்தாள். வீட்டில் ஊதிக் கொண்டுவந்த பலூன்களின் மேல் பிள்ளைகள் பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார்கள். இன்று காய்ந்துவிட்டது. பலூனை உடைத்து, கூட்டைப் பாதியாக வெட்டி, கண்ணுக்கு ஓட்டை போட வேண்டும். வகுப்பெங்கும் டப் டப்பென்று வெடித்தது.

"மிஸ், என் புலிக்குப் பல்லு விழுந்துடுச்சு!"

"பால் பல்லா இருக்கும், முளைச்சிடும் போ."

கடைசி பெஞ்சுச் சின்னவள் மட்டும் தன் உருண்டையைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"அப்பா ஊதினது மிஸ். ஊதிக் குடுத்துட்டுத்தான் கப்பல் வேலைக்குப் போனாங்க. உள்ள அவங்க மூச்சு இருக்கு."

தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் கண்காட்சி. எல்லாம் சுவத்துல தொங்கணும். பலூனுக்குமா பாவ புண்ணியம் பாப்பீங்க? அவ குத்தலேன்னா நீங்க குத்திடுங்க."

அந்த மூச்சு எப்படியும் மெல்லக் கசிந்து போய்விடும். ஓவிய ஆசிரியைக்கு அது தெரியும். தானாகப் போவது போகட்டும், என் கையால் வேண்டாம் என்று நினைத்தாள்.

ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள்.

"இது ஒண்ணு உருண்டையாவே இருக்கட்டும் மேடம். மேசை மேல வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் வர்ணத்தைச் சின்னவள் பக்கம் நகர்த்தினாள்.