ஒரு கோழி போதும்

பண்ணைக்கு ஆள் தேவை என்று விளம்பரத்தில் போடவில்லை, ஜோடி தேவை என்றுதான் போட்டிருந்தார்கள். தனியாகப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொட்டகை இரண்டு, ஆளும் இரண்டு வேண்டும், புருஷன் பெண்டாட்டியாக இருந்தால் ஒரே வீடு போதும் என்று முதலாளி யோசித்திருக்கிறார். அவளுக்கும் அவனுக்கும் கல்யாணமாகி அப்போது நாலு மாதம்தான். தனிக்குடித்தனம், சுற்றிலும் மரம், மாமியார் தொல்லை கிடையாது என்று அவன் ஒவ்வொன்றாக விரல் மடக்கியபோது அவளும்தான் சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதில் இரண்டு பேருக்கும் சமபங்கு உண்டு. அதை அவள் மறைத்ததில்லை.

சாதாரணக் கோழிப்பண்ணையாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. இது முட்டையைக் குஞ்சு பொரிக்க அனுப்புகிற பண்ணை. ஒரு கொட்டகைக்கு மூவாயிரம் கோழி, முந்நூறு சேவல். ஒன்றுக்குச் சீக்கு வந்தால் எல்லாமே போய்விடும் என்று பயந்து பயந்து சாகிற இடம். கேட்டுக்குள் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். வெளியே போட்டிருந்த துணியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, தலையோடு குளித்து, பண்ணை கொடுக்கிற நீலச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டுக்கொண்டுதான் இந்தப் பக்கம் வர முடியும். அவளுடைய பூப்போட்ட சேலைகள் ஒரு வருடமாக அந்தப் பெட்டியில்தான் குடியிருக்கின்றன.

மாதத்துக்கு ஒருநாள், ஜோடியில் ஒருவர் மட்டும், காலை ஆறுக்குப் போய் மாலை ஐந்துக்குள் திரும்பலாம். ஆனால் போகிற இடத்தில் கோழி, வாத்து, கிளி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், திரும்பி வந்து மூன்று நாள் வெளியிலேயே இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் குளியல். ஒரு ஆள் மூன்று நாள் வெளியே நின்றால் முட்டையை யார் பொறுக்குவது? அதனால் பறவை இருக்கிற வீட்டுக்குப் போக அனுமதியே கொடுப்பதில்லை. அவள் அம்மா வீட்டில் ஒன்பது கோழி இருந்தது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற அம்மாவை அவள் ஒரு வருடமாகத் தொட்டதில்லை. டவுனில் எங்கேயாவது சந்திக்கலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். கோழி வளர்க்கிறவங்களைக் கட்டிப்பிடிச்சாலும் அதே மூணு நாள்தாம்மா என்று மேனேஜர் விளக்கினார். மேனேஜருக்கு அவள் வைத்த பெயர் தெர்மாமீட்டர். யாரைப் பார்த்தாலும் நல்லாயிருக்கியா என்று கேட்கமாட்டார், கொட்டகையில் டெம்பரேச்சர் என்ன என்றுதான் கேட்பார்.

காலை நாலரைக்கு விளக்கு தானாக எரியும். மூவாயிரம் கோழியும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை முட்டை பொறுக்க வேண்டும், தண்ணீர்க் குழாயில் அடைப்புப் பார்க்க வேண்டும், செத்ததைப் பொறுக்கி எண்ணி எழுத வேண்டும். மின்விசிறிகள் இரவு பகலாக ஓடும். அவன் அடுத்த கொட்டகையில் இருப்பான். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, விரிசல் விட்ட முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், விசிறி நின்றுவிட்டால் அடிக்கிற மணிக்காக ஒரு காது முழித்துக்கொண்டே கிடக்கும். புதுசில் அதையெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். முந்நூறு சேவலில் சண்டைக்காரன் ஒருவனுக்கு அவன் மேனேஜர் பெயரை வைத்துக் கூப்பிடுவான். பிறகு சிரிப்பு குறைந்தது. பேசுவதற்குப் புதிதாக ஒன்றும் நடந்தால்தானே?

அவன் நல்லவன். அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். இவன் அவள் கொட்டகையின் கனமான தட்டுகளையும் சேர்த்துத் தூக்குவான், அவள் கால் வலி என்றால் சொல்லாமலே வெந்நீர் வைப்பான். எனக்கு இங்கே மூச்சு முட்டுது என்று அவள் ஒருநாள் சொன்னபோது, எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டான். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று புரியவைத்த பிறகு, இந்த பேட்ச் கோழிகள் முட்டையிட்டு முடியட்டும், மொத்தம் அறுபது வாரம்தானே, முடிந்ததும் டவுனுக்குப் போய்விடலாம் என்று சத்தியம் செய்தான். அன்றிலிருந்து அவள் வாரங்களை எண்ணத் தொடங்கினாள். இப்போது எட்டு வாரம் பாக்கி.

இந்த நிலையில்தான் அம்மா ஒரு வேலை செய்தாள். ஒன்பது கோழியையும் பிடித்துப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். கூண்டைக் கழுவி, அதில் விறகு அடுக்கி வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கே போன் போட்டுச் சொன்னாள். கோழி போனா போகுது மாப்பிள்ளை, என் பொண்ணை அனுப்பி வைங்க என்று. அவன் தெர்மாமீட்டரிடம் போய்ச் சாட்சி சொல்லி, கையெழுத்துப் போட்டு, ஒருநாள் அனுமதி வாங்கி வந்தான். வாங்கி வந்த காகிதத்தை அவள் கையில் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கொம்புத்தேனைக் கொண்டுவந்தவன் மாதிரி இருந்தது.

அம்மா வீட்டில் அன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. அம்மா அவள் தலைமுடியை மோந்து பார்த்து, மருந்து வாடை அடிக்கிறது என்றாள். பொண்ணு வந்திருக்கிறாளே என்று, வீட்டில் கோழி இல்லாத குறைக்குக் கடையில் போய் நாலு முட்டை வாங்கிவந்து பொரித்து வைத்தாள். முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? அவள் நாலையும் தின்றாள். சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டில் மிஞ்சிய சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், வழக்கம்போல இறைத்துவிட்டு, நாக்கால் கொக் கொக்கென்று கூப்பிட்டாள். பிறகுதான் நினைவு வந்து நின்றாள். அவள் அதைப் பார்க்காதது போல ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே ஐந்து நிமிஷம் என்று பாயில் சாய்ந்தவள் எழுந்தபோது மணி மூன்று. விசிறிச் சத்தம் இல்லை, மணிச் சத்தம் இல்லை. இரண்டு காதும் சேர்ந்து தூங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவிடம் பேச வந்த நாள் தூக்கத்திலேயே தீர்ந்துபோனதே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய துணியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். எழுப்பியிருக்கலாமில்லையா என்று கேட்டதற்கு, தூங்குற பிள்ளையை எந்தத் தாய் எழுப்புவா என்றாள். ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயேன் என்று அம்மா கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போதுகூட அவளுக்கு அந்த எண்ணம் இல்லை. கேட்டில், கேட்காரர் வழக்கமான படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்வி, பறவைகள் உள்ள இடத்துக்குப் போனீர்களா, எதையாவது தொட்டீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒரு வருடமாக, வெளியே போய் வந்த ஒவ்வொரு தடவையும், இல்லை என்ற கட்டத்திலேயே டிக் போட்ட கை, இன்று நடுவில் நின்றது. ஆம் என்று போட்டால் மூன்று நாள். யாராலும் அவளை உள்ளே கூப்பிட முடியாது, தெர்மாமீட்டராலும் முடியாது, முதலாளியாலும் முடியாது. அடுத்த பஸ் ஐந்தே முக்காலுக்கு. ஏழேகாலுக்கெல்லாம் அம்மாவின் பாயில் இருக்கலாம்.

அவன் மூன்று நாளும் இரண்டு கொட்டகையையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவன் இடுப்பை நினைத்தாள். பாவம்தான். மூன்றே நாள்தானே, ஆயுசுக்குமா கேட்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

கேட்காரர் படிவத்தைப் பார்த்துவிட்டு, அடடா என்று மேனேஜர் அறைக்குப் போனார். தெர்மாமீட்டர் வெளியே வந்தார். திட்டவில்லை. சட்டப்படி நடக்கிறவர், சட்டப்படி மூன்று நாள் என்றார். ஆனால் உள்ளே போன் போட்டு அவனுக்குச் சொல்லிவிட்டார், இன்றிலிருந்து உனக்கு இரண்டு கொட்டகை என்று. அவள் பையைத் தோளில் மாட்டினாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் நெஞ்சு லேசாக இருந்தது. அந்த நேரத்தில் பண்ணைக்குள்ளிருந்து, நீலச் சட்டை முழுக்கத் தீவனத் தூசியோடு, அவன் ஓடிவந்தான்.

மஞ்சள் கோட்டுக்கு உள்பக்கமே நின்று, மூச்சு வாங்க, அவன் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தான்.

"சார், அவ ஏதோ ஞாபகத்துல மாத்தி டிக் போட்டுட்டா. எங்க அத்தை போன மாசமே கோழியெல்லாம் கொடுத்துட்டாங்க. என்கிட்டதான் சொன்னாங்க, நான்தானே உங்ககிட்ட கையெழுத்துப் போட்டேன். இவளுக்கு முட்டை பொறுக்கிப் பொறுக்கி எங்க பார்த்தாலும் கோழியாத்தான் தெரியுது."

கேட்காரரும் சிரித்தார். தெர்மாமீட்டர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா, கோழி இருந்துச்சா இல்லையா?"

அவள் அவனைப் பார்த்தாள். பெண்டாட்டியை நடுத்தெருவில் நிற்க விடாமல் காப்பாற்றிவிட்ட பெருமை அவன் முகமெல்லாம் வழிந்தது. இருந்தது என்று இப்போது சொன்னால் அவன் பொய்ச் சாட்சி சொன்னவன் ஆவான், அவன் கையெழுத்தும் பொய்யாகும். ஒன்பது கோழியும் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு அவளைக் கைவிட்டன.

"இல்ல சார். மறந்து போட்டுட்டேன்" என்றாள்.

பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, இல்லை என்ற கட்டத்தில் புதிதாக டிக் போட்டாள். சேலையை அவிழ்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அம்மா மோந்து பார்த்த தலையில் மருந்துத் தண்ணீர் ஊற்றினாள். குழாய்ச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது என்பது அந்தக் குளியலறையின் ஒரே வசதி. அதை அவள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் வாய் ஓயவில்லை. மூணு நாள் நீ இல்லாம நான் என்ன பண்ணியிருப்பேன், தெரியுமா என்றான். வேலையைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்தாள். வேலைகூடப் பரவாயில்லை, வீட்டுல தனியா எப்படிப் படுக்கிறது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன், காலையிலேயே வாய் வரை வந்தது, நீ வந்ததும் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டேன் என்றான்.

"அடுத்த பேட்ச்சுக்கும் நாமதான். இந்த மாதிரி ஜோடி கிடைக்கிறது கஷ்டம்னு மேனேஜரே சொன்னாரு. இன்னொரு அறுபது வாரம். டவுனு எங்க ஓடிப்போகுது? நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஜோடிக்கு ஒரு கையெழுத்து போதுமாம்."

அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தியிருப்பாள். ஆனால் அவன் வாசலில் அவளுக்காக வெந்நீர் வைத்திருந்தான், பஸ்ஸில் நின்று வந்திருப்பாள், கால் வலிக்கும் என்று. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று எவனோ சொல்லிவைத்தானே, அவன் குஞ்சைக் கேட்டுவிட்டா சொன்னான்? அவள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கடைசி முட்டையைப் பொறுக்க, அவள் பங்கையும் நானே பார்க்கிறேன், நீ இரு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கொட்டகைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கிறவரை இருந்தாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்று அம்மா கேட்டாள். சேர்ந்துவிட்டேன் என்றாள்.

"அம்மா, ஒரு கோழி வாங்கி வளர்க்கிறியா?"

"என்னடி பேச்சு இது? கோழி இருந்தா உன்னை விடமாட்டாங்கன்னுதானே ஒன்பதையும் தூக்கிக் கொடுத்தேன்?"

"கிளம்புறப்போ இல்லைன்னு சொல்லிக்கிறேன். திரும்பி வந்து, இருந்துச்சு, தொட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன். அப்புறம் மூணு நாளைக்கு என்னை உள்ள விடமாட்டாங்க."

அந்தப் பக்கம் பாயைச் சுருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஒரு கோழி போதுமா என்று கேட்டாள்.

"ஒண்ணு போதும். உன் மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள்.

கல்யாணமாகி அவனிடம் அவள் மறைக்கிற இரண்டாவது விஷயம் அது, முதலாவது கேட்டில் போட்ட டிக். போனை வைத்துவிட்டு, ஆறிப்போன வெந்நீரை வாசலில் கொட்டினாள்.